தேதி போடாத படிவம்

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. இந்த முறை அப்படி எழுதினால் பொய். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தானே பெரிய விஷயம் எதுவானாலும் காகிதத்தில் என்று ஒப்பந்தம் போட்டோம். இது பெரிய விஷயம்.

போன திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனேன். மருந்துக் கடை முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. பதினோரு வருடமாக நாளுக்கு எட்டுத் தடவை ஏறி இறங்குகிற தடைதான். அன்று இறங்கியதும் இடுப்பில் சுருக்கென்றது. அங்கிருந்து இடது காலின் பின்பக்கமாகக் கட்டைவிரல் வரை ஒரே நெருப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், என்னால் இறங்க முடியவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சீட்டுல பசை கிசை தடவிட்டாங்களா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஆள் கூப்பிட ஓடினார். இரண்டு பேர் தாங்கித்தான் இறக்கினார்கள்.

ஸ்கேன் எடுத்தோம். இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், உனக்குப் புரியும்.

நான் நேராகத்தான் நிற்கிறேன் என்று உன் மாமாவிடம் சாதித்தேன். டைல்ஸ் ஒட்டுகிறவர் கண்ணை ஏமாற்ற முடியுமா? தரைக்கு மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து வந்து, என் பிடரிக்குப் பின்னால் இரண்டு தோளிலும் படும்படி வைத்தார். அதில் இருக்கிற குமிழி இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. "சுவரா இருந்தா இடிச்சுட்டுத் திரும்பக் கட்டச் சொல்லுவேன்" என்றார். சிரித்தேன். சிரித்ததும் வலித்தது.

டிப்போவில் மூன்று மாதம் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். மே 30ஆம் தேதி தகுதிச் சோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங் கிடையாது, பாஸ் கொடுக்கிற கவுண்டரில் நிரந்தரமாக உட்கார வேண்டியதுதான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்பு குத்துவதற்கா நான் பிறந்தேன்? நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு கூட இன்னும் என் டிரைவர் சீட்டில்தான் இருக்கிறது. நான் வருவேன் என்று அதை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

என்ன செய்யலாம் சொல்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 2

அக்காவுக்கு,

கடிதம் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திங்கட்கிழமை நடந்ததை அடுத்த திங்கட்கிழமை எழுதுகிறாய். இதற்கே உன்னை நாலு திட்டுத் திட்ட வேண்டும்.

ரிப்போர்ட்டை எங்கள் சர்ஜனிடம் காட்டினேன். ஒன்பது வருடமாக அவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் நான், அவர் கையை எனக்குத் தெரியும். சின்னக் கீறல், ஒரு மணி நேரம், அழுத்துகிற துண்டை எடுத்துவிட்டால் முடிந்தது. நான் பக்கத்திலேயே நிற்பேன். சம்மதப் படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு, இந்த மாதமே தேதி வாங்கிவிடுகிறேன். பயப்படாதே. இதில் பயப்பட ஒன்றுமே இல்லை.

மாமாவிடம் சொல், ரசமட்டம் வைத்து வைத்தியம் பார்க்க நீ தரை இல்லை.

தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

படிவம் வந்தது. கோபப்படாமல் கடைசி வரை படி.

இங்கே இருக்கிற எலும்பு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் கத்தி பிடிக்கிறவர்தான். கால் விரலைத் தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், ஊசியால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். "காலுக்குப் பலம் குறையலை, அவசரமில்லைம்மா. ஆபரேஷன் இல்லாமலே முயற்சி பண்ணிப் பார்க்கலாம். நிறையப் பேருக்குச் சில வாரத்துல தானா அடங்கிடும்" என்றார். அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற கைரோபிராக்டரைப் போய்ப் பார்த்தேன். முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்கிறவர். அந்தப் பட்டம் வாயில் நுழையவில்லை, அதனால் முதுகம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார்.

முதுகம்மா என்னைத் தொடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க, எந்தக் கால் கிளட்ச், எப்படி இறங்குவீங்க, தும்மினா எங்கே வலிக்குது. கடைசியில் சொன்னார்: "பிதுங்கினதை நான் உள்ளே தள்ளிடுவேன்னு நினைக்காதீங்க. அது யாராலயும் முடியாது. நான் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பேன், நீங்க ஒழுங்கா நடந்து, ஒழுங்கா உட்கார்ந்தா மிச்சத்தை உடம்பு பார்த்துக்கும். பார்த்துக்கலைன்னா நானே உங்களை சர்ஜன்கிட்ட கூட்டிட்டுப் போய் விடுவேன்."

இப்படிப் பேசுகிறவரை எனக்குப் பிடித்துவிட்டது. பிரேக் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்கிற மெக்கானிக்கைத்தான் நான் நம்புவேன்.

உன் பேச்சை நான் எடுத்தெறிந்தேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. அதனால் உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை. அது உன்னிடம் இருக்கட்டும். மே 30 அன்று நான் தோற்றால் நீயே தேதியைப் போட்டுக்கொள், வாயைத் திறக்காமல் வந்து படுக்கிறேன்.

அது சரி, ஏன் பென்சிலில் எழுதியிருக்கிறாய்? உங்கள் ஆஸ்பத்திரியில் பேனாவுக்குப் பஞ்சமா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

கடைசி வரை படித்தேன். கோபமும் பட்டேன்.

படித்த நீயே நெட்டி முறிக்கிற கடைக்குப் போவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மடக்கென்று ஒரு திருப்புத் திருப்பி அவர் எதையாவது உடைத்துவிட்டால்? இந்த மாதிரி மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் எங்கள் ஆபரேஷன் மேசைக்கு வந்து சேர்ந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நீ பிடித்த பிடியை விடமாட்டாய். ஆனால் நான் சொல்கிற மூன்றை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டு. ஒன்று, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது. இரண்டு, உட்காரும் இடம் மரத்துப் போவது. மூன்று, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபடுவது. இதில் எது வந்தாலும் முதுகம்மாவும் வேண்டாம், நானும் வேண்டாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. மாமாவையும் படிக்கச் சொல்.

படிவம் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. பேனா எங்கேயோ தொலைந்துவிட்டது. கிளறாதே.

தம்பி

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நெட்டியும் முறிக்கவில்லை, மடக்கும் இல்லை. கேட்டுக்கொள்.

ஒரு மேசை இருக்கிறது. அதில் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே உள்ள பாதி மட்டும் மெல்ல இறங்கும், மெல்ல ஏறும். முதுகம்மா ஒரு உள்ளங்கையை என் இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அசைவைப் பிடிக்கிறார். முதல் நாள் அடுத்த அறை வரை கேட்கும்படி கத்தத் தயாராகப் படுத்தேன். பத்தாவது நிமிடம் குறட்டை விட்டேனாம். வாரத்துக்கு மூன்று தடவை போகிறேன். வீட்டில் பயிற்சி: குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டு, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்க வேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு ஐந்து முறை. இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. நிறைய நடக்க வேண்டும். உன் மாமா பக்கத்தில் நின்று எண்ணுகிறார். ஏழுக்கு அப்புறம் மறுபடி ஆறு என்கிறார். கேட்டால், "கணக்கு எனக்கு டைல்ஸ்லதான் வரும்" என்கிறார்.

இப்போது முக்கியமான செய்தி. வலி கீழேயிருந்து மேலே ஏறினால் நல்ல அறிகுறியாம். முதல் வாரம் கட்டைவிரல் ஸ்டாப்பில் நின்றது. போன வாரம் கெண்டைக்கால். இன்றைக்கு முழங்கால் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது. இடுப்புதான் டிப்போ. அங்கே கொண்டுபோய் நிறுத்திச் சாவியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

எங்கள் மேசைக்கு வருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதினாயே. உன் மேசைக்கு வருகிறவர்களை மட்டும்தானே நீ பார்க்கிறாய்? குணமாகிப் போகிறவன் உன் தியேட்டர் வாசலில் வந்து சொல்லிவிட்டா போவான்?

ஞாயிற்றுக்கிழமை ரசமட்டம் வைத்தோம். குமிழி ஓரத்தை விட்டு நகர்ந்திருக்கிறது.

விடுமுறைக்கு வருகிறேன் என்றாய், ஏன் வரவில்லை? ஆறு மணி நேரப் பயணம் உனக்கு என்றைக்குப் பெரிதாயிற்று?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நேற்று நடை முடிந்து வந்து, ஷூ கழற்றக் குனிந்தபோது தும்மினேன். அவ்வளவுதான். மறுபடி கட்டைவிரல் வரை நெருப்பு. ஆறு வாரம் ஏறினது ஒரு தும்மலில் இறங்கிவிட்டது. படுத்தபடி விட்டத்தைப் பார்த்து அழுதேன். உன் மாமா ரசமட்டத்தை எடுத்தார், நான் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டார்.

நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது. படிவத்தை எடுத்துத் தேதியைப் போட்டுவிடு. எனக்குத் தெம்பில்லை.

அக்கா

ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தேதி போட மாட்டேன்.

முதலில் பதில் சொல். கால் விரலைத் தூக்க முடிகிறதா? குதிகாலில் நடக்க முடிகிறதா? ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற மூன்றில் ஏதாவது உண்டா? மூன்றும் இல்லையென்றால் இது வெறும் வலி, ஆபத்தில்லை. நேற்று எங்கள் சர்ஜனிடமே போய்க் கேட்டேன். "ஆறாவது வாரத்துல இப்படி ஒரு தடவை கிளம்பி அடங்குறது சகஜம்தான். பலம் குறையாத வரைக்கும் காத்திருக்கலாம், நானா இருந்தா காத்திருப்பேன்" என்றார். தினமும் பக்கத்தில் நிற்கிறேன், இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் நான் கேட்டதே இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

ரோஷம் கெட்டு அழாதே. நீ அழுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்பில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தபோதுகூட ஹேண்டில்பாரை விடாதவள் நீ.

அந்தப் பயிற்சியைக் கொஞ்சம் விவரமாக எழுது. கை எங்கே ஊன்ற வேண்டும், எத்தனை நேரம் தூக்கி வைத்திருக்க வேண்டும், முதல் நாள் வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் தம்பி

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ தேதி போட மாட்டேன் என்று எழுதிய வரியை உன் மாமா கிழித்து ஃபிரிட்ஜில் அந்த மூன்றுக்கும் கீழே ஒட்டிவிட்டார். கால் விரல் தூக்குகிறது. மூன்றில் ஒன்றும் இல்லை. நாலே நாளில் வலி மறுபடி முழங்காலைத் தாண்டிவிட்டது. இப்போது தொடை ஸ்டாப்பில் எப்போதாவது நிற்கிறது.

இன்னொரு கூத்து நடந்தது. "நீங்க பஸ்ஸுல எப்படி உட்காருவீங்கன்னு நான் பார்க்கணும்" என்று முதுகம்மா சொன்னார். டிப்போவில் அனுமதி வாங்கி, பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கே கூட்டிப்போனேன். உன் மாமாவும் ரசமட்டத்தோடு வந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். முதுகம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இடது பக்கம் ஏன் உசரமா இருக்கு?" என்றார்.

இடது பக்கம் உன் மழைக்கோட்டு.

ஐந்து வருடத்துக்கு முன் அந்த சீட்டின் இடது ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது. அப்போது உன் மழைக்கோட்டை நாலாக மடித்துக் கீழே கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் டிப்போவில் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். நான் மழைக்கோட்டை எடுக்கவில்லை. எடுக்க மனசு வரவில்லை. நீ வாங்கிக் கொடுத்தது, அதன் மேல் உட்கார்ந்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. உன் மாமா சீட்டில் ரசமட்டத்தை வைத்தார், குமிழி ஓடிப்போய் இடது ஓரத்தில் நின்றது. கோட்டை உருவினார், குமிழி நடுவுக்கு வந்தது. கண்டக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மூன்று வருடமாக, நாளுக்கு எட்டு மணி நேரம், நான் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். இதனால்தான் டிஸ்க் போச்சு என்று முதுகம்மா சொல்லவில்லை. "ஆனா இது நல்லதும் பண்ணலை" என்றார்.

உன் மேல் இருந்த பாசம் இடுப்பில் ஏறிவிட்டது, வேறென்ன சொல்ல.

பயிற்சியை உன் மாமா தனித்தாளில் படம் போட்டே அனுப்பியிருக்கிறார். சும்மா தெரிந்துகொள்ள இவ்வளவு கேள்வியா? உன் கடிதம் இப்போதும் பென்சில்தான், எழுத்து வேறு ஒரே பக்கமாகச் சரிகிறது. உடம்பு சரிதானே?

அன்புடன்,
அக்கா

மே 31

அன்புத் தம்பி,

ஜெயித்துவிட்டேன்!

நேற்றுக் காலை டிப்போ டாக்டர் என்னைப் படுக்க வைத்து, இடது காலை நேராகத் தூக்கச் சொன்னார். பிப்ரவரியில் ஒரு சாண் தூக்கியதும் கத்தினவள் நான். நேற்று கால் ஏறிக்கொண்டே போனது. "போதும்மா, ஃபேன்ல இடிச்சுடப் போகுது" என்றார். குதிகாலில் நடை, கிளட்ச் முப்பது தடவை, திடீர் பிரேக், அடியில் நின்று பழுது பார்க்கிற பள்ளத்து மேடைக்கு ரிவர்ஸ். எல்லாம் ஆயிற்று. அப்புறம் இன்ஸ்பெக்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் ரூட்டில் ஓட்டச் சொன்னார்.

மருந்துக் கடை வந்தது. மூன்று மாதமாகக் கண்ணை மூடினால் அந்த வேகத்தடைதான். கியரைக் குறைத்தேன், மெல்ல ஏற்றினேன், இறக்கினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை! ஒரு மேடு, ஒரு பள்ளம், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர், "என்னம்மா, ஏதாவது வலியா?" என்றார். "இல்ல சார், தூசி" என்றேன். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது.

டிப்போவுக்குத் திரும்பினால் அத்தனை பேரும் வாசலில் நிற்கிறார்கள். கண்டக்டர் என்னைத் தூக்க வந்தார், முதுகம்மா "குனிஞ்சு தூக்காதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார். உன் மாமா எல்லோர் முன்னாலும் என் தோளில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்ட நடுவில் அசையாமல் நின்றது. டிப்போவே கை தட்டியது. இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் அழுது நான் பார்த்தது நேற்றுதான். "லெவல் ஆயிடுச்சு" என்றார்.

பயிற்சியை வாழ்நாள் முழுக்க விடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும் என்று முதுகம்மா உத்தரவு. திங்கட்கிழமை முதல் டூட்டி.

என் படிவத்தைத் திருப்பி அனுப்பு. சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

ஸ்டியரிங்குக்குத் திரும்பிய
அக்கா

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார். உன் படிவம்தான். அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேகத்தடை வருகிற இடத்தில் மூன்று தடவையும் நிறுத்தினேன். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது அக்கா. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். பேனா தொலையவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்காது. அதனால்தான் பென்சில். ஜனவரியில் ஒரு நோயாளியை மேசை மாற்றும்போது எனக்கும் அதே இடத்தில், அதே நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. ஸ்கேனைக்கூட எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் வெளியே எடுத்துத்தான் பார்த்தேன். வேலை நேரத்தில் பெல்ட் கட்டிக்கொண்டு நிற்கிறேன், வீட்டுக்கு வந்தால் தரைதான். விடுமுறைக்கு வராததும் அதனால்தான். ஆறு மணி நேரம் உட்கார முடியாது.

உன்னை ஆபரேஷனுக்கு வா வா என்று ஏன் இழுத்தேன் தெரியுமா? சத்தியமாக உன் நல்லதுக்குத்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. நீ முதலில் அந்த மேசையில் படுத்து எழுந்துவிட்டால் எனக்குத் தைரியம் வரும் என்று நினைத்தேன். ஒன்பது வருடம் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றவன், அதில் படுக்க நடுங்கினேன். பயப்பட ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதிய கை இது. என்னை மன்னித்துவிடு.

உன் தும்மல் கடிதம் வந்தபோது, படிவத்தை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் என் காலை ஒரு தடவை நானே தூக்கிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றும் எனக்கும் இல்லை. அதற்கப்புறம்தான் சர்ஜனிடம் போய்க் கேட்டேன். உனக்காகவும் எனக்காகவும்.

மாமா வரைந்த படத்தை வைத்துப் பதினாறு நாளாகச் செய்கிறேன். எனக்குத் துணைக்கு எண்ணத்தான் ஆளில்லை.

உன் தம்பி

ஜூன் 9

அட மக்குத் தம்பி,

படித்து முடித்து அரை மணி நேரம் உன்னைத் திட்டினேன், அரை மணி நேரம் அழுதேன். இரண்டும் முடிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை இனி என்னிடம் கொண்டுவராதே, உதை விழும். பயந்தால் அக்காவை முன்னால் போகச் சொல்வது உனக்கு என்ன புதுசா? இருட்டு மாடிப்படியில் என்னைத் தள்ளிவிட்டுப் பின்னால் வந்தவன்தானே நீ. இந்தத் தடவையும் நான்தான் முன்னால் போனேன். வழி நன்றாக இருக்கிறது, வா.

நாளைக்கே உங்கள் சர்ஜனிடம் ஸ்கேனைக் காட்டு. ஒளிக்காதே. அவர் காத்திருக்கலாம் என்றால், முதுகம்மாவோடு படித்தவர் உன் ஊரில் இருக்கிறார், உனக்கு நேரம் வாங்கியாயிற்று. இல்லை, ஆபரேஷன்தான் என்று சர்ஜன் சொன்னால் அதற்கும் பயப்படாதே. நான் வாசலில் நிற்பேன்.

மழைக்கோட்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், இனிமேல் மழைக்கு மட்டும்தான். உன் மாமா பதினைந்து நாள் வேலையை ஒத்திப் போட்டுவிட்டு என்னோடு வருகிறார். ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டார். எண்ண ஆள் கேட்டாயே, வருகிறார். ஏழுக்கு அப்புறம் ஆறு வந்தால் என்னைக் குற்றம் சொல்லாதே.

படிவத்தைச் சட்டம் போடவில்லை. மறுபடி உனக்கே அனுப்புகிறேன், திருப்பிப் பார். மூன்று மாதமாகக் காலியாக இருந்த தேதியை நிரப்பிவிட்டேன், பேனாவால். ஜூன் 14, காலை வண்டி. நாங்கள் வந்து இறங்குகிற தேதி அது. ஸ்டேஷனுக்கு வராதே, படுத்திரு.

அக்கா